ஆயர் பாட்டும் பட்டி வழக்கும்

மந்தை மேய்ப்போர் பாடுவது பொழுதுபோக்கிற்கென்று கருதுவோர் பலர். அது தொழிலின் ஓர் உறுப்பென்பதை ஈண்டுக் காட்ட முயல்வாம்.

நப்பூதனார் பாடிய முல்லைப்பாட்டு 103 அடிகளே உடையது. அதன் தொடக்கத்தில் ஓர் இடைக்குல மகள், பசியால் வருந்தும் இளங்கன்றை நோக்கி, அதன் தாயர் விரைவில் வருவர் எனக் கூறித் தேற்றுகின்றாள். தலைவிக்காக விரிச்சி கேட்கச் சென்ற முதுபெண்டிர் அதனை நற்சொல்லாகக் கொள்கின்றனர். நம் மாணவரோ விரிச்சியை மனனஞ் செய்து கன்றை மறந்துவிடுகின்றனர். விலங்கின் துயரைக் குரலால் ஆற்றும் ஆயர் வழக்கமன்றோ அங்குள்ளது! பெரும்பாணாற்றுப்படையில் வரும் இடையன் தீக்கடைகோலால் மூங்கிலில் துளையிட்டுக் குழல் செய்கின்றான். அது வெறுத்தவிடத்துக் குமிழங்கொம்பில் மரல்நார் கட்டி யாழுஞ் செய்கின்றான். ஆனாயர் குழலோசைக்கு ஆனிரை அசைபோடுதலையும் மறந்தன என்பர் சேக்கிழார்.

அமெரிக்காவிலும் இதற்கொப்பான செய்தி உண்டு. 1866 முதல் ஏறக்குறைய இருபது ஆண்டுகள், ரெக்சாஸ் மாடுகளை வடக்கே கன்சாஸ் புகையிரத நிலையங்களுக்கு ஆயிரக்கணக்கில் ஓட்டிச் சென்றனர். இடிகேட்டு மந்தை வெருண்டோடின் உயிர்ச்சேதமும் நேரும். ஆதலின் இரவுக் காவலர் குதிரைமீது மந்தையைச் சுற்றிவந்து மெல்லப் பாடுவர். அவருட் கறுப்பினத்தாரும் மெக்சிக்கோ நாட்டினரும் பலர். முள்ளுக்கம்பி வேலியும் இருப்புப்பாதையும் பெருக, அத்தொழில் அருகியது. எனினும் ஜோன் லோமக்ஸ் என்பார் பாடல்களைத் திரட்டி 1910இல் நூலாக வெளியிட்டமையால் அவை அழியாதிருக்கின்றன.

நம் மாவட்டத்தில் அவ்வாறு நிகழவில்லை. கந்தளாய்க் குளத்து நீர் பாயும் தம்பலகாமத்திலும் கொட்டியாரப் பற்றிலும், விதைப்புக் காலத்திற் பட்டிகளைக் காட்டுப்புறத்து மேய்ச்சற்றரைக்குச் சாய்ப்பதும், அறுவடையின்பின் தாள்வயலுக்குத் திருப்புவதும் வழக்கம். சூடு மிதிக்கையில் எருமைகளைக் களத்திற் சுற்றிச் செலுத்துவோர் இரவிரவாகப் பொலி பாடினர். உழவுயந்திரம் வந்தபின் எருமை களத்தைவிட்டு நீங்கிற்று, பாட்டும் உடன்நீங்கிற்று. 1983 தொடக்கம் 2009 வரை நடந்த போரில் எத்தனையோ பட்டிகள் சிதறின. கிண்ணியாத் தயிரைச் சுவைத்துப் புகழும் நாம், அவ்வெருமைகளை மேய்த்தோர் என்ன பாடினர் என்று வினவுவதில்லை.

தம்பலகாமம், மூதூர்ப் பக்கத்துப் பழைய மாணவர் தம் இல்லத்து முதியோரை அணுகிக் கேட்பாராக. லோமக்ஸ் மெழுகுருளைக் கருவியைச் சுமந்து திரிந்தார். இக்காலத்து மாணவருக்குக் கைத்தொலைபேசியே போதும். பாட்டின் சொற்களோடு, அது பாடப்பெற்ற வேளை, செய்த வேலை, மாட்டை அழைக்கும் ஒலி, அதட்டும் ஒலி, மாடுகளுக்கு இட்ட பெயர் என்பவற்றையுங் குறித்துக்கொள்ளல் வேண்டும்.