எடையற்ற நிலையும் தாவர உயிரணுவும்

விதையை எவ்வாறு ஊன்றினும் அதன் வேர் கீழ்நோக்கியும் தண்டு மேல்நோக்கியும் செல்வதை யாவரும் அறிவர். கண்ணில்லாச் செடி, இருள் சூழ்ந்த மண்ணினுள் மேல் இது, கீழ் இது என எங்ஙனம் உணர்கின்றது? அவ்வுணர்வை இழப்பின் அதன் உயிரணுக்கட்கு நேர்வது யாது? இவ்விரு வினாக்களையும் ஈண்டுச் சுருங்க ஆராய்வாம்.

1806-ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டுத் தாமஸ் ஆண்ட்ரூ நைட் என்பார், நீரோட்டத்தால் விரைந்து சுழலும் சக்கரத்தில் அவரையினத்து விதைகளைக் கட்டி முளைக்கவைத்தார். வேர்கள் சக்கரத்தின் வெளிப்புறம் நோக்கியும், தண்டுகள் அதன் மையம் நோக்கியும் வளர்ந்தன. செடி தன்மேற் செயற்படும் விசையையே உணர்கின்றது என்பது இதனாற் புலனாயிற்று.

அவ்வுணர்ச்சியின் வழியை 1900-இல் ஹேபர்லாண்ட், நெமெச் என்னும் இருவர் தனித்தனியே உரைத்தனர். வேர்முனையை மூடியுள்ள உறையின் உயிரணுக்களில் மாப்பொருள் மணிகள் உள. அவை கனத்தால் அடியிற் படிகின்றன; படிந்த பக்கமே கீழ்ப்பக்கம். வேர் சாயின் மணிகளும் இடம்பெயரும். அப்போது ஆக்ஸின் என்னும் வளர்ச்சிப்பொருள் கீழ்ப்புறத்தே மிகுந்து அப்புற வளர்ச்சியைத் தடுக்கும், மேற்புறம் நீளும், வேர் கீழே வளையும்.

நிற்க. தரையில் இருந்துகொண்டு புவியீர்ப்பை நீக்குதல் இயலாது. அதன் திசையை நிலைபெறாமற் செய்தல் இயலும். ஜெர்மானிய அறிஞர் ஸாக்ஸ், 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இதற்கெனக் கிளினோஸ்டாட் என்னும் பொறியைக் கையாண்டார். கிடையாக வைத்த செடியை அது மெல்லச் சுழற்றும். மணிகள் ஒரு பக்கம் நன்கு படியுமுன் அப்பக்கம் மேலாகிவிடும். வேரும் வளையாது, தான் நோக்கிய திசையிலேயே செல்லும்.

இக்காலத்துப் பொறிகள் செடியை இரண்டு அச்சுக்களிற் சுழற்றுகின்றன. அராபிடாப்ஸிஸ் என்னும் கடுகினச் சிறுசெடியை இவற்றில் ஆராய்ந்தோர் வியத்தகு செய்தி ஒன்று கண்டனர். வேர்முனையில் உயிரணுக்கள் விரைந்து பிரிகின்றன; ஆயினும் அவை போதிய அளவு வளர்வதில்லை. புரதம் ஆக்கும் ரைபோஸோம்களின் உற்பத்தியும் குறைகின்றது. பிரிதலும் வளர்தலும் இணைந்து செல்லும் ஒழுங்கு குலைகின்றது. விண்வெளி நிலையத்தில் வளர்ந்த நாற்றுக்களிலும் இக்குலைவு காணப்பட்டது.

எனினும், பொறியினுள் எடை நீங்குவதில்லை, திசையே மறைகின்றது. ஆதலின் அது காட்டும் முடிவை விண்வெளியிலும் சோதித்தே துணிதல் வேண்டும். நெடுந்தூர விண்பயணத்தில் மாந்தர் தம் உணவைத் தாமே விளைக்க வேண்டுமாயின், அவ்வுணவின் விதி ஒரு வேர்முனையின் மாப்பொருள் மணிகளோடு பிணைந்துள்ளது.