மூட்டை தூக்குங்கால் இருதயம் படும் பாடு

நமது சங்கத்துக் கிடங்கில் நெல் மூட்டை இறக்கிவிட்டு நிற்கும் ஒருவரது மணிக்கட்டைத் தொட்டுப் பார்ப்போமாயின், நாடி துடிதுடித்தோடுவது தெரியும். ஓய்விலிருக்கும் வளர்ந்த மனிதருக்கு நாடி நிமிஷத்திற்கு 60 முதல் 100 வரையும், சுவாசம் 12 முதல் 20 வரையும் நடைபெறும். அக்காலத்தில் இருதயம் நிமிஷந்தோறும் சுமார் 5 லிட்டர் இரத்தத்தைச் செலுத்துகின்றது. கடும் உழைப்பிலோ இது 20 லிட்டரையும் எட்டக்கூடும். தசைகளுக்குப் பிராணவாயு மிகுதியாக வேண்டியிருப்பதும், அங்கு உண்டாகும் கரியமிலவாயு வெளியேற வேண்டியிருப்பதுமே இதற்குக் காரணம். ஓய்வில் இரத்தவோட்டத்தில் ஐந்திலொரு பங்கு பெறும் தசைகள், அப்போது ஐந்தில் நான்கு பங்கைப் பெறுகின்றன. குடலின் பங்கு குறைந்துவிடுகிறது. உண்டவுடன் சுமை தூக்கலாகாதென்று பெரியோர் கூறுவது பொருளற்றதன்று.

இனி இரத்த அழுத்தத்தைக் கவனிப்போம். நடத்தல், களையெடுத்தல் போன்ற சீரான வேலைகளில் மேலளவு மாத்திரம் உயரும். தசைகளின் இரத்தக் குழாய்கள் விரிந்து கொடுப்பதால் கீழளவு அதிகம் மாறாது. ஆனால் மூச்சை அடக்கிக்கொண்டு பெருஞ்சுமையை எழுப்புங்கால் இரண்டும் ஒருங்கே ஏறுகின்றன. 1985-ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், பயின்ற பளுதூக்குவோரிடத்திலேயே மேலளவு சில கணங்கள் 300-க்கு மேற்சென்றது. ஓய்வில் 120 என்பதை நினைத்தால் இதன் கடுமை விளங்கும். ஆகையால் சுமையை எழுப்பும்போது மூச்சை மெல்ல வெளிவிடுக. தலைக்கு ஏற்ற இன்னொருவர் கை கொடுக்கட்டும். வேலை முடிந்தவுடன் அசையாது நிற்பதும் நன்றன்று. இரத்தம் கால்களில் தேங்கித் தலைசுற்றும். சற்று உலாவிப் பின் அமர்க.

தினந்தோறும் உழைப்பவரது இருதயம் ஒவ்வொரு துடிப்பிலும் அதிக இரத்தம் செலுத்தப் பழகுவதால், ஓய்வில் நாடி மெதுவாகிறது. இது நன்மையே. எனினும், "காட்டில் உழைப்பவனுக்கு இரத்த அழுத்தம் ஏது?" என்று நம்மில் பலர் கூறுவது தவறு. அந்நோய் பெரும்பாலும் அறிகுறி எதுவுமின்றியே வளர்கிறது. எனவே ஐந்து நிமிஷம் அமைதியாக அமர்ந்திருந்து, ஆரம்ப சுகாதார நிலையத்தில் அளந்து பார்த்துக்கொள்க. வெவ்வேறு நாட்களில் அளந்தும் 140-க்கு 90 அல்லது அதற்கு மேல் இருக்குமாயின், வைத்தியரைக் கலந்தபின்னரே மூட்டை வேலைக்குச் செல்லுதல் வேண்டும். உழைக்கும்போது மார்பு இறுகி, வலி இடக்கையிலோ தாடையிலோ பரவுமாயின், அது வாயுப்பிடிப்பென்று சுக்குக் கஷாயத்துடன் காத்திராமல், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.