முழங்கையின் பின்புறத்து நாண்

கொடைக்கானல் பைன் காட்டில் நடந்தவர்கள் அறிவார்கள்: உதிர்ந்த ஊசியிலைகள் மழையில் நனைந்துவிட்டால் கால் நில்லாது. பழனி மலைச் சரிவுகளில் பூண்டு மூட்டை சுமப்பவருக்கும் இதே நிலைதான். வழுக்கி விழுபவர் தம்மையறியாமல் கையை ஊன்றுகிறார். உடல் எடையால் முழங்கை மடங்கப் பார்க்கும். மேற்கையின் பின்புறமுள்ள முத்தலைத் தசை அதைத் தடுக்க இறுகும். அப்போது அத்தசையை முழங்கை எலும்பின் முனையோடு பிணைக்கும் தசைநாண் சிற்சமயம் அறுந்துபோகிறது. பளுதூக்குவோருக்கும் இது நேர்வதுண்டு. அரிதான காயந்தான், அதனாலேயே கவனிப்பாரின்றிப் போகிறது.

இதில் ஓர் ஏமாற்று உண்டு. முழங்கையை நீட்டுவதே இத்தசையின் தொழில். ஆயினும் கையைத் தொங்கவிட்டால், நாண் அறுந்திருந்தாலும் புவியீர்ப்பே முன்கையை நீட்டிவிடும். 'கை நீளுகிறதே, வெறும் சுளுக்கு' என்று எண்ணி எண்ணெய் போட்டு உருவச் செல்கிறோம். மேற்கையைத் தலைக்கு மேல் உயர்த்தி, அந்நிலையில் முழங்கையை நீட்டிப் பார்க்க வேண்டும். முடியாவிட்டாலோ, வலுக் குறைந்திருந்தாலோ, முனைக்குச் சற்று மேலே விரலுக்குப் பள்ளம் தட்டுப்பட்டாலோ உடனே மருத்துவரிடம் செல்க. எக்ஸ்ரே படத்தில் எலும்பின் சிறு சில்லு பெயர்ந்து தெரிவதும் உண்டு.

உருவுவது ஏன் கூடாது? அடிபட்ட முழங்கையை அழுத்தித் தேய்த்து, வலிய மடக்கினால், தசைக்குள்ளேயே எலும்பு வளர்ந்து மூட்டு இறுகக்கூடும். காலமும் வீணாகும். முற்றிலும் அறுந்த நாணை முதல் இரண்டு மூன்று வாரங்களுக்குள் எலும்பில் துளையிட்டுத் தைப்பதே நன்று. தாமதித்தால் தசை மேலே சுருங்கிவிடும். கொடைக்கானலிலிருந்து மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கு இறங்க அரை நாள் ஆகும் என்பது உண்மையே. எனினும் அந்த அரை நாளுக்குத் தயங்கி ஒரு மாதத்தை இழப்பது எவ்வகையில் இலாபம்?

பாதி கிழிந்து வலு குறையாதிருந்தால் பெரும்பாலும் அறுவை வேண்டாம். முழங்கையைச் சற்றே மடக்கிய நிலையில் சுமார் 4 வாரம் கட்டி வைத்து, பின் மெல்ல அசைப்பர். தைத்த கையானால் பெருஞ்சுமை தூக்க 4 முதல் 6 மாதம் பொறுக்க வேண்டும். வலி நின்றது வேறு, நாண் வலுப்பெற்றது வேறு. ஈட்டியெறி வீரர் நீரஜ் சோப்ராவுக்கு 2019 மே மாதம் வலது முழங்கையில் அறுவை நடந்தது. அவருடைய காயம் வேறு வகை; ஆனால் அவரும் 2020 சனவரியில்தான் களத்துக்குத் திரும்பினார். டோக்கியோவில் தங்கம் வென்றது 2021இல்.

பயிற்சியிலும் வரிசை உண்டு. முதலில் எடையின்றி மடக்கி நீட்டுதல். பின்னர் சிறு எடை. அதன்பின் சுவரில் கையூன்றித் தள்ளுதல். தரையில் தண்டால் எடுப்பது எல்லாவற்றுக்கும் கடைசியில், அதுவும் மருத்துவர் சொன்ன பிறகு.