ஒழுகாத ஓட்டை: பழைய லாரியின் டீசல் பாதையில் ஓர் அறிவியல் பாடம்

ஒன்பதாம் வகுப்பில் ‘பாய்மங்கள்’ பாடம் முடிந்ததும் அழுத்தத்திற்கான சூத்திரத்தை மாணவர்கள் தடையின்றிச் சொல்லிவிடுகிறார்கள். ‘காற்றை எளிதில் அமுக்கலாம், திரவத்தை அவ்வாறு அமுக்க இயலாது, இதனால் நம் ஊரில் எந்த வேலை கெடுகிறது?’ என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடுகிறது. நான் பணிபுரியும் நாமக்கல் பகுதியில் மாணவர் பலரின் தந்தையர் லாரி ஓட்டுநர்கள் அல்லது பட்டறைத் தொழிலாளர்கள். பள்ளி வேறு, பட்டறை வேறு என்ற எண்ணம் வேரூன்றிவிட்டால், படிப்பைப் பாதியில் விட்டு வண்டியேறுவது எளிதாகிவிடும். அதனால் ஸ்டார்ட் ஆகாத பழைய லாரியையே பாடப்பொருளாக்கினேன்.

டீசல் செல்லும் பாதை

டீசல் எஞ்சினில் தீப்பொறிக்கான பிளக் இல்லை. அமுக்கப்பட்ட காற்றின் வெப்பமே எரிபொருளைப் பற்றவைக்கிறது. ருடால்ஃப் டீசல் 1897இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றிகரமாக இயக்கிக் காட்டியது இத்தகைய எஞ்சினைத்தான். பழைய லாரியில் பீடு பம்பு தொட்டியிலிருந்து டீசலை இழுத்து, பில்டர் வழியாகப் பெரிய பம்புக்கு அனுப்பும். பெரிய பம்பு அதை நாசிலுக்குத் தள்ளும். நாசில் திறக்க வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 200 மடங்கு அழுத்தம் தேவை. இப்பாதையைக் கரும்பலகையில் வரைந்து, பீடு பம்பு வரை ‘இழுக்கும் பக்கம்’, அதன் பின் ‘தள்ளும் பக்கம்’ என இரு நிறங்களில் குறிக்கவும்.

செயல்பாடுகள் (தண்ணீர் மட்டும் போதும்)

1. ஊசியில்லாத புதிய சிரிஞ்சில் நீரை நிரப்பி, முனையை விரலால் அடைத்து அழுத்தச் சொல்லவும். பிறகு பாதி நீர், பாதி காற்றுடன் அழுத்தட்டும். காற்றுக்குமிழி சுருங்கி விசையை விழுங்கிவிடும். பம்பு தள்ளியும் நாசில் திறக்காததற்கு இதுவே காரணம். பட்டறையில் இதை ‘ஏர் பிடித்துவிட்டது’ என்பார்கள்.

2. உறிஞ்சுகுழலில், நீர்மட்டத்திற்கு மேலே ஊசியால் துளையிட்டு நீரை உறிஞ்சச் செய்யவும். துளை வழியே நீர் வெளியேறாது. காற்று உள்ளே போகும்.

3. கண்ணாடிப் பாட்டிலின் வாயில் உறிஞ்சுகுழலை வைத்து, சுற்றிலும் களிமண்ணால் காற்றுப் புகாமல் அடைத்து உறிஞ்சச் செய்யவும். சிறிது நீர் வந்ததும் நின்றுவிடும். தொட்டி மூடியின் காற்றுத்துளை அடைபட்டால் வண்டி சிறிது தூரம் ஓடி நிற்பது இதனால்தான்.

இரண்டாம் செயல்பாட்டின்போது ஒரு மாணவி, “சார், டீசல் ஒழுகலைன்னா பைப்புல ஓட்டை இல்லைன்னுதானே அர்த்தம்?” என்று கேட்டாள். நான் விடை சொல்லவில்லை. வழக்கமாகப் பேசாத ஓர் ஓட்டுநரின் மகன் எழுந்து, “இழுக்கற பக்கம் ஓட்டை இருந்தா ஒழுகாது சார். காத்துதான் உள்ள போவும். எங்கப்பா யூனியனைத்தான் முதல்ல முறுக்கிப் பாப்பாரு” என்றான். அன்றைய பாடத்தின் மையக்கருத்தை அவனே சொல்லிவிட்டான். அடுத்த பகுதியைக் கரும்பலகையில் விளக்க அவனையே அழைத்தேன்.

ஊகத்திலிருந்து சோதனைக்கு

‘பம்பு போச்சு’ என்று உடனே சொல்வது ஊகம். பம்பைக் கழற்றினால் செலவு கூடும், வாடகையும் போகும். செலவில்லாத சோதனை முதலில் வர வேண்டும் என்று மாணவர்கள் பின்வரும் வரிசையை அமைத்தார்கள்.

• தொட்டியில் டீசல் உள்ளதா? எஞ்சினை நிறுத்தும் கேபிள் முழுமையாக உள்ளே திரும்பியுள்ளதா?
• ஸ்டார்ட்டர் சுற்றும்போது புகை வருகிறதா? புகையே இல்லையெனில் டீசல் சிலிண்டரை எட்டவில்லை எனக் கருதலாம். வெண்புகை வந்தால் டீசல் போகிறது, சரியாக எரியவில்லை.
• பில்டரின் காற்றுத் திருகைத் தளர்த்திக் கைப்பம்பை அடித்தால் என்ன வருகிறது? எதுவும் வராவிட்டால் அடைப்பு அல்லது பீடு பம்பில் பழுது. குமிழி நிற்காமல் வந்தால் இழுக்கும் பக்கத்தில் காற்றுப் புகுகிறது.
• குமிழியற்ற டீசல் பெரிய பம்பு வரை வந்தும் நாசில் குழாய்க்குப் போகவில்லையா? அப்போதுதான் பெரிய பம்பைச் சந்தேகிக்க வேண்டும்.

ஒவ்வொரு படியிலும் ‘என் ஊகம், நான் கண்டது, அடுத்த சோதனை’ என மூன்று கட்டங்களில் எழுதச் செய்தேன். இதுவே மதிப்பீட்டுத் தாளாகவும் பயன்பட்டது.

பாதுகாப்பு

மாணவர்கள் வண்டியைத் தொடத் தேவையில்லை. நாசிலிலிருந்து பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே செல்லக்கூடியது. புதிய காமன் ரெயில் வண்டிகளில் அழுத்தம் இன்னும் பல மடங்கு அதிகம். அங்கே குழாயைத் தளர்த்திப் பார்க்கும் முறையே கூடாது என்பதையும் சொல்லிவிடுங்கள். உறிஞ்சுகுழல், நீர் ஆகியவற்றை ஒவ்வொருவருக்கும் தனித்தனியே கொடுங்கள்.

லாரி இல்லாத ஊர்களில் கிணற்று மோட்டாரை எடுத்துக்கொள்ளலாம். நீர் இழுக்கும் குழாயில் காற்றுப் புகுந்தாலும், புட் வால்வு பழுதானாலும் மோட்டார் ஓடும், நீர் வராது. ‘ஏன்?’ என்ற வினாவை வீட்டுப்பாடமாகக் கொடுங்கள். விடையை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வரட்டும். அதற்கான அறிவியல் காரணத்தை வகுப்பில் சேர்ந்து கண்டறியலாம்.