சுகாதாரப் பகுதி: கேத்தலில் படியும் வெள்ளை



"டிரசர், கேத்தலுக்குள்ளே வெள்ளையாப் படியுதே, இந்தத் தண்ணியைக் குடிச்சா கல்லு வருமா?" என்று பலர் கேட்கிறார்கள். "தண்ணிக்கு மிஷின் மாட்டியும் வெள்ளை போகலையே" என்பவர்களும் உண்டு. இரண்டுக்கும் பதில் சொல்கிறேன்.

நம் நாட்டில் மலை ஆறுகளிலிருந்து வரும் பைப்புத் தண்ணீர் பெரும்பாலும் மென்னீர்தான். ஆனால், ஈப்போவைச் சுற்றியுள்ள கிந்தாப் பள்ளத்தாக்கு போன்ற சுண்ணாம்புமலைப் பகுதிகளில், கிணற்று நீரில் சுண்ணாம்புச் சத்து கரைந்திருக்கும். இதுவே கடின நீர். இதில் சோப்பு லேசில் நுரைக்காது. காய்ச்சினால் கரைந்திருந்த சுண்ணாம்பு பிரிந்து, கேத்தலின் அடியில் கல்லாக ஒட்டிக்கொள்ளும்.

இது விஷமல்ல. கேத்தலில் படிவது கால்சியம் கார்பனேட். சிறுநீரகக் கல்லில் பெரும்பாலும் இருப்பது கால்சியம் ஆக்சலேட். வெயிலில் வேர்வை சிந்திவிட்டுப் போதிய தண்ணீர் குடிக்காமல் இருப்பதே அந்தக் கல்லுக்கு ஒரு முக்கியக் காரணம். ஆகவே, வெள்ளைக்குப் பயந்து தண்ணீர் குடிப்பதைக் குறைக்காதீர்கள். காய்ச்சுவதையும் நிறுத்தாதீர்கள். காலரா, டைபாய்டு கிருமிகளைக் கொல்வது அந்தக் கொதிப்புதான்.

மென்னீர் மிஷின் என்ன செய்கிறது?

உப்புப் போடும் மிஷினுக்குள் சிறு மணிகள் இருக்கும். அவை சுண்ணாம்பைப் பிடித்துக்கொண்டு, அதற்குப் பதிலாகச் சோடியத்தைத் தண்ணீரில் விடும். இந்த நீரைக் காய்ச்சினால் கல் ஒட்டாது. ஆனால் சோடிய உப்பு நீரிலேயே இருக்கும்; தண்ணீர் சுண்டினால் வெள்ளை மாவாகத் தெரியும். இப்படிச் சோதித்துப் பாருங்கள்:

1. கழுவினால் போகும் மாவு என்றால் அது சோடிய உப்பு. மிஷின் வேலை செய்கிறது.
2. சுரண்டினாலும் போகாத கல் புதிதாகப் படிந்தால், மிஷினில் உப்புத் தீர்ந்திருக்கலாம், அல்லது பழுதாகியிருக்கலாம்.
3. செம்பழுப்பாகப் படிந்தால், பெரும்பாலும் அது இரும்புத் துரு.

யாருக்குக் கவனம் தேவை?

ஒரு லிட்டரில் 300 மில்லிகிராம் கடினத்தன்மை உள்ள நீரை மென்னீராக்கினால், சுமார் 138 மில்லிகிராம் சோடியம் கூடும். பெரியவர்கள் சாப்பாட்டையும் சேர்த்து, நாளுக்கு 2,000 மில்லிகிராமுக்குள் நிறுத்த வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை. நல்ல உடம்புக்காரருக்கு இந்தத் தண்ணீரால் கவலை இல்லை. ஆனால் பால்மாவு குடிக்கும் கைக்குழந்தைக்கு வயிற்றுக்குப் போவது முழுக்க அந்தத் தண்ணீர்தான். இரத்தக் கொதிப்பு, இருதய நோய், சிறுநீரக நோய்க்காக உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்களும் கவனிக்க வேண்டும். இவர்களுக்கு, மிஷினுக்கு முன்னாலுள்ள பைப்பில் தண்ணீர் பிடித்துக் காய்ச்சிக் கொடுங்கள். குழந்தையின் பாலுக்கு ஒவ்வொரு முறையும் புதுத் தண்ணீர் வையுங்கள். நேற்றைய மிச்சத்தையே திரும்பத் திரும்பக் கொதிக்க வைத்தால், நீர் சுண்டச் சுண்ட உப்பு கூடும்.

கேத்தலைச் சுத்தம் செய்வது எப்படி?

சமையல் வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து ஊற்றி, சூடாக்கி, அடுப்பை அணைத்து ஒரு மணி நேரம் விடுங்கள். கல் பொங்கிக் கரையும். பிறகு நன்றாகக் கழுவி, ஒரு தடவை வெறும் தண்ணீரைக் காய்ச்சிக் கொட்டிவிடுங்கள். அலுமினியக் கேத்தலில் இராத்திரி முழுக்க வினிகரை விட வேண்டாம். துணி வெளுக்கும் குளோரின் திரவத்தோடு வினிகரைக் கலக்கவே கூடாது. நச்சு வாயு கிளம்பும்.

இதைவிட முக்கியமானது ஒன்று. "பால் உறைய ஊத்துற ஆசிட்டை ரெண்டு சொட்டு விட்டா போதும், பளபளன்னு ஆயிடும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கெட்டியான பார்மிக் ஆசிட் தோலை வேக வைக்கும், கண்ணைக் கெடுக்கும். அதைச் சர்பத் போத்தலில் ஊற்றி வீட்டில் வைத்தால், பிள்ளைகள் தண்ணீர் என்று குடித்துவிடுவார்கள்.

மேலே பட்டால், நனைந்த துணியைக் கழற்றி, ஓடும் தண்ணீரில் குறைந்தது 20 நிமிடம் கழுவுங்கள். குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாயைக் கொப்பளிக்கச் செய்து, போத்தலையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

ஆசிட் பால் ஸ்டோரோடு நிற்கட்டும். வீட்டுக் கேத்தலுக்கு வினிகர் போதும்.