பழியைச் சுவிட்ச் மேல் போடாதீர்கள்

நம்பிக்கை: மானிட்டரை அணைத்தால் திரும்ப வராது. அதனால் அணைக்கவே கூடாது.

காரமடையில் கம்ப்யூட்டர் பழுது பார்த்துப் பிழைப்பவன் நான். ரங்கநாதர் கோயில் பக்கத்துக் கடைக்காரர் முதல் சிறுமுகைப் பட்டுச் சேலைக் கணக்கு எழுதுகிறவர் வரை எல்லோரிடமும் ஒரே வாசகம்: "நல்லா ஓடிட்டு இருந்துச்சுங்ணா. ராத்திரி ஆஃப் பண்ணுனேன், காலைல வரவே மாட்டீங்குது." புலம்பல் அதோடு நின்றால் பரவாயில்லை. அடுத்த மானிட்டர் வாங்கியதும் இதை அணைக்கவே மாட்டோம் என்று சபதம் எடுக்கிறார்கள். ஜெராக்ஸ் கடையில் ஷட்டர் இறங்கிய பிறகும் உள்ளே திரை விடிய விடிய எரிகிறது. கேட்டால், "மெக்கானிக் சொன்னாருங்க." எந்த மெக்கானிக் என்றால் பதில் வராது.

உண்மை: அணைத்ததால் அது கெடவில்லை. முன்பே கெட்டுக்கொண்டிருந்தது, அணைத்தபோதுதான் உங்களுக்குத் தெரிந்தது.

மானிட்டரின் பவர் சப்ளை போர்டில் சிறு உருளைகளாகக் கெபாசிட்டர்கள் நிற்கும். அவற்றுக்குள் இருக்கும் ரசாயனத் திரவம் சூட்டில் ஆண்டுக்கணக்கில் மெல்ல வறண்டுபோகும். வறள வறள உள்தடை கூடும். ஆறிப்போன நிலையில் அந்தத் தடை இன்னும் அதிகம். ஓடிக்கொண்டிருக்கும்வரை தன் சூட்டிலேயே எப்படியோ தாக்குப்பிடிக்கும் போர்டு, ஆறிய பிறகு கிளம்பாது. விளக்கு மினுக்கும், டிக் டிக்கென்று சத்தம் வரும், படம் மட்டும் வராது. நீலகிரிக் காற்று இறங்கும் மார்கழிக் காலைகளில் இந்தப் புகார் கூடுவது இதனால்தான். நிறுத்தினால் கிளம்பாத கிழட்டு மொபெட்டை வைத்திருப்பவர், ராத்திரி முழுக்க இன்ஜினை ஓடவிட்டா தூங்குகிறார்?

இன்னும் நம்பாதவர்கள் மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளைக் கவனியுங்கள். காலையில் போன கரண்ட் சாயங்காலம் வரும். மறுநாள் என் மேஜைக்கு வருகிற மானிட்டர்களில் பெரும்பாலானவை அணைக்கப்படாமலே ஓடியவை. அணைக்காதது காப்பாற்றும் என்றால் இவை ஏன் வருகின்றன? அன்றைக்குப் பழி சுவிட்சிலிருந்து மின்வாரியத்துக்கு இடம் மாறுகிறது, அவ்வளவுதான்.

உண்மையில் அணைக்காமல் விடுவதுதான் ஆயுளைக் குறைக்கிறது. இத்தகைய கெபாசிட்டருக்கு எலக்ட்ரானிக்ஸ்காரர்கள் கைக்கணக்கு ஒன்று வைத்திருக்கிறோம்: சூடு 10 டிகிரி குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும். திரைக்குப் பின்னால் எரியும் எல்இடி விளக்குக்கும் ஆயுள் உண்டு. வெளிச்சம் பாதியாகக் குறைய 30,000 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு 10 மணி நேரம் ஓட்டினால் எட்டு வருஷத்துக்கு மேல் வரும். 24 மணி நேரமும் ஓட்டினால் மூன்றரை வருஷம்கூட வராது. காப்பாற்றுகிறேன் என்று நீங்கள் செய்வது இதைத்தான்.

இந்தக் கோளாறு நம்மூருக்கு மட்டும் வந்த சாபமும் அல்ல. சாம்சங் டிவிகள் பல, ஆன் ஆகத் தாமதிப்பதும் டிக் டிக்கென்று அடித்துக்கொள்வதுமாக இருந்ததற்குக் கெபாசிட்டர்தான் காரணம் என்று அமெரிக்காவில் வழக்கு நடந்து, 2012-ல் அந்த நிறுவனம் சமரசத்துக்கு வந்தது. அங்கே யாரும் சுவிட்சைக் குற்றம் சொல்லவில்லை.

உப்பிய கெபாசிட்டரை மாற்ற, உதிரிபாகச் செலவு சில பத்து ரூபாய்தான். அதற்காக நீங்களே பிரித்துவிடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெபாசிட்டரில் 325 வோல்ட் வரை தங்கியிருக்கலாம்.

நம்பிக்கை: திரை கருப்பாக இருந்தால் மானிட்டர் செத்துவிட்டது.

தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவதற்கு முன் மூன்று காரியம் செய்யுங்கள். கம்ப்யூட்டரிலிருந்து வரும் கேபிளைக் கழற்றிவிட்டு மானிட்டரைப் போடுங்கள். 'நோ சிக்னல்' என்று காட்டினால் அதற்கு உயிர் இருக்கிறது. கீபோர்டில் நம்லாக்கை அழுத்துங்கள். விளக்கு மாறி மாறி எரிந்தால் கம்ப்யூட்டரும் உயிரோடு இருக்கிறது. திரை மேல் டார்ச் அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் போனது பின்விளக்கு மட்டுமே.

இரண்டுக்கும் உயிர் இருந்தும் படம் இல்லையென்றால், ஒன்றையொன்று அடையாளம் காணவில்லை என்று அர்த்தம். டிஸ்ப்ளேபோர்ட் கேபிளில் இது சகஜம். பட்டனில் அணைத்தாலே கேபிளைப் பிடுங்கிவிட்டதாகக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளும் மாடல்கள் உண்டு. விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட் மூன்றோடு B எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். அசையவில்லையா? இரண்டின் பவர் பிளக்கையும் பிடுங்கி, ஒரு நிமிஷம் விட்டு மாட்டுங்கள். தினமும் இதே கதை என்றால் மானிட்டர் மெனுவில் 'டீப் ஸ்லீப்' இருக்கிறதா பார்த்து அதை நிறுத்துங்கள்.

நம்பிக்கை: ரேமைக் கழற்றி ரப்பரால் தேய்த்தால் சரியாகிவிடும்.

நம்லாக் விளக்கு ஒழுங்காக மாறுகிறது என்றால் ரேம் மேல் கை வைக்க வேண்டிய அவசியமே இல்லை.

நம்பிக்கை: ஸ்கிரீன் சேவர் ஓடினால் திரைக்கு நல்லது.

அது பழைய பெட்டி மானிட்டரில் உருவம் பதிந்துவிடாமலிருக்க வந்தது. எல்சிடி திரைக்குப் பின்னால் விளக்கு முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டேதான் இருக்கும்.

நம்பிக்கை: பட்டனில் அணைத்தாலே போதும், இடி மின்னலுக்கும் பயமில்லை.

பட்டனில் அணைத்த மானிட்டரும் மின் இணைப்பில்தான் இருக்கிறது. கோடை மழையிலும் ஐப்பசி மழையிலும் பிளக்கைப் பிடுங்குங்கள்.

பிளக் பேச்சு வந்ததால் எர்த் பற்றியும் திட்டிவிடுகிறேன். மூன்று ஓட்டை சாக்கெட் எல்லா வீட்டிலும் இருக்கிறது. அந்த மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் ஒயர் இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. "கம்ப்யூட்டரைத் தொட்டா சுர்ருங்குதுங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். பவர் சப்ளையின் வடிகட்டிகள் கசியவிடும் மின்சாரம் மண்ணுக்குப் போக வழியில்லாமல் பெட்டியிலேயே நிற்கிறது. நம் 230 வோல்ட்டில் பாதியளவுகூட மீட்டர் காட்டும். அந்த நிலையில் ஓடும் கம்ப்யூட்டரில் எச்டிஎம்ஐ கேபிளைச் செருகினால் போர்ட் எரிந்துபோக வாய்ப்புண்டு. அப்புறம் மானிட்டரைத் தலைகீழாக நின்று அணைத்துப் போட்டாலும் படம் வராது. எர்த் குழியில் கரியும் உப்பும் போட்டு மூடிவிட்டு மறந்துபோனவர்களுக்கும் சொல்கிறேன்: சித்திரை வெயிலில் குழி காய்ந்தால் எர்த் இருந்தும் பயனில்லை, தண்ணீர் ஊற்றுங்கள். புது மானிட்டருக்கு ஆயிரக்கணக்கில் எண்ணி வைக்கும் முன், ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதித்துவிடுங்கள். ராத்திரி கடை சாத்தும்போது, தயவுசெய்து, மானிட்டரை அணைத்துவிட்டுப் போங்கள்.