வண்டி ஏறும் முட்டை

கேம்பர் வேனை வாடகைக்கு எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு ஊர் சுற்றும் பழக்கம் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வாழும் நம்மவர்களிடம் நன்றாகவே ஒட்டிக்கொண்டுவிட்டது. சாமான் பட்டியலில் இட்லிப் பொடிக்கும் ஊறுகாய்க்கும் அடுத்து முட்டை. அடுப்பும் தோசைக்கல்லும் இருந்தால் எந்த நேரத்திலும் ஆம்லெட் தயார். ஆனால் முட்டையோடு பாட்டி சொன்னது, மாமா சொன்னது எல்லாமும் வண்டி ஏறிவிடுகிறது. உடைந்துவிடுமே என்றுதான் ஆளாளுக்குக் கவலை. உடைந்த முட்டை கண்ணுக்குத் தெரியும், தூக்கிப் போட்டுவிடலாம். வெயிலும், கண்ணில் படாத கீறலும்தான் வயிற்றைக் கெடுப்பவை.

நம்பிக்கை: ஊரில் வெளியில்தானே வைத்தோம், முட்டைக்கு ஃபிரிட்ஜ் எதற்கு?

எந்த நாட்டு முட்டை என்று முதலில் கேளுங்கள். கோழி இடும்போதே ஓட்டின் மேல் மெல்லிய ஒரு பூச்சு படிந்திருக்கும். ஓட்டில் உள்ள ஆயிரக்கணக்கான நுண்துளைகளை அதுதான் அடைத்துக் காக்கிறது. அமெரிக்காவில் முட்டையை வெந்நீரில் கழுவித்தான் கடைக்கு அனுப்புகிறார்கள். அழுக்கோடு அந்தப் பூச்சும் போய்விடும். அதனால் பண்ணையிலிருந்து கடை வரை 7 டிகிரி செல்சியஸ் அளவிலேயே வைத்திருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். ஐரோப்பிய ஒன்றியத்திலோ, ஒருசில விதிவிலக்குகள் தவிர, கடைக்கு வரும் முதல் தர முட்டையைக் கழுவவே கூடாது. அங்கே அது மாவு, சர்க்கரை அடுக்கிய அலமாரிக்குப் பக்கத்திலேயே இருக்கும். நாமக்கல் முட்டை நம் தெருமுனைக் கடையில் அட்டையோடு வெளியில் இருப்பதும் இப்படித்தான்.

ஆக, கடையில் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த முட்டை வண்டியிலும் ஃபிரிட்ஜில்தான் இருக்க வேண்டும். அமெரிக்க உணவுத் துறையினர் வெளியில் வைக்கத் தரும் கெடு இரண்டு மணி நேரம், வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரே மணி நேரம். குளிர்ந்த முட்டையை வெளியே எடுத்தால் ஓடு வியர்க்கும். அந்த ஈரத்தோடு கிருமி நுண்துளை வழியே உள்ளே இறங்கும். எடுத்து வெளியே வைத்து, மறுபடி உள்ளே வைத்து விளையாடாதீர்கள்.

ஐரோப்பாவில் அலமாரியிலிருந்து வாங்கியதை வெளியில் வைக்கலாம். அதற்காகக் கண்ணாடியை ஏற்றிவிட்டு வெயிலில் நிறுத்திய வண்டியில் அல்ல. வெளியே 35 டிகிரி அடித்தால் உள்ளே 50-ஐத் தாண்டும். எந்தப் பூச்சும் அதைத் தாங்காது.

நம்பிக்கை: கிளம்புமுன் நன்றாகக் கழுவி அடுக்கினால் சுத்தம்.

சுத்தக்காரர்கள் செய்யும் பெரிய தவறு இதுதான். முட்டையைவிடக் குளிர்ந்த தண்ணீரில் கழுவினால் உள்ளே இருப்பது சுருங்கும். அந்த இழுப்பில் ஓட்டின் மேலிருந்த அழுக்குத் தண்ணீர் நுண்துளை வழியே உள்ளே போகும். அமெரிக்க ஆலைகள் முட்டையைவிடச் சூடான நீரையே பயன்படுத்துவதற்குக் காரணம் இதுதான். கடையில் வாங்கியதைக் கழுவவே வேண்டாம். பண்ணை வாசலில் வாங்கிய முட்டையில் எச்சம் ஒட்டியிருந்தால் உலர்ந்த துணியால் துடையுங்கள். கழுவித்தான் ஆக வேண்டும் என்றால், வெதுவெதுப்பான நீரில் கழுவி உடனே சமைத்துவிடுங்கள். முட்டையைத் தொட்ட கையைத்தான் மறக்காமல் கழுவ வேண்டும்.

நம்பிக்கை: குலுங்கினால் உள்ளே கலங்கிக் கெட்டுவிடும்.

கெடாது. மஞ்சள் கருவின் இருபுறமும் முறுக்கிய வெள்ளை இழை ஒன்று இருக்கும், உடைத்து ஊற்றும்போது பார்த்திருப்பீர்கள். கருவை நடுவில் நிறுத்திவைப்பது அதுதான். நாமக்கல்லிலிருந்து கேரளாவுக்குப் போகும் முட்டை லாரிகள் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. 30 முட்டை பிடிக்கும் காகித அட்டையை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித்தான் அவ்வளவு தூரமும் போகிறது.

அந்தக் காகித அட்டையை மிஞ்ச, முகாம் சாமான் கடைகளில் விற்கும் பிளாஸ்டிக் முட்டைப் பெட்டியால் முடிவதில்லை என்பது என் கட்சி. பெட்டியின் குழி ஒரே அளவில் இருக்கும். முட்டை கொஞ்சம் பெரிதாக இருந்தால் மூடியை அழுத்தும்போதே விரிசல் விடும். காகித அட்டை அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும், கசிந்தால் உறிஞ்சியும் கொள்ளும். கறை பட்ட அட்டையை மட்டும் மறுபடி பயன்படுத்தாதீர்கள். முட்டையின் அகலமான பக்கம் மேலே இருக்கட்டும், காற்றறை அங்கேதான் இருக்கிறது. வண்டியில் பின்சக்கரத்துக்குப் பின்னால் உள்ள பகுதிதான் அதிகம் தூக்கிப் போடும். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையில், தரையை ஒட்டிய இடமே நல்லது.

இறங்கியதும் இரண்டு முட்டையைக் காதருகே வைத்து மெதுவாக ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். நல்ல ஓடு கணீரென்று ஒலிக்கும், கீறல் விட்டது மந்தமாகச் சத்தமிடும். சந்தேகமென்றால் இருட்டில் செல்போன் டார்ச்சின் மேல் வைத்துப் பாருங்கள், கீறல் வெளிச்சக் கோடாகத் தெரியும். எப்போது கீறியது என்று தெரியாவிட்டால் தூக்கிப் போடுங்கள். கண்ணெதிரே விரிசல் விட்டது என்றால் சுத்தமான பாத்திரத்தில் உடைத்து ஊற்றி, மூடி, ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு நாளுக்குள் முடித்துவிடலாம்.

நம்பிக்கை: அவித்து எடுத்துப் போனால் கவலையே இல்லை.

நேர்மாறு. வெந்த முட்டையில் ஓட்டின் மேல்பூச்சு போய்விடும். கிருமியை எதிர்க்கப் பச்சை வெள்ளைக்கருவுக்கு இருக்கும் திறனும் வேகும்போது குறைந்துவிடும். அவித்ததற்கும் அதே இரண்டு மணி நேரக் கெடுதான், ஃபிரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம். காலையில் அவித்துப் பையில் போட்டு மாலையில் பிள்ளைகளுக்கு உரித்துக் கொடுப்பது வேண்டாம்.

நம்பிக்கை: தண்ணீரில் மிதந்தால் கூமுட்டை, மூழ்கினால் நல்ல முட்டை.

நாள் ஆக ஆக ஈரம் வெளியேறி உள்ளே காற்றறை பெரிதாகும், அதனால் மிதக்கும். வயதைத்தான் அது சொல்லும். சால்மோனெல்லா கிருமி கோழியின் சினைப்பையிலிருந்தே உள்ளே வந்துவிடக்கூடியது. அப்படி வந்த முட்டையும் நன்றாகவே மூழ்கும், வாடையும் இருக்காது. அமெரிக்காவில் முட்டைப் பண்டத்தை 71 டிகிரி வரை வேகவைக்கச் சொல்வது அதனால்தான். ஆஃப்பாயில், கலக்கி பிரியர்கள் பிரிட்டனில் கொஞ்சம் தைரியமாக இருக்கலாம். சிங்க முத்திரை போட்ட முட்டை தடுப்பூசி போட்ட கோழியுடையது. கர்ப்பிணிகளும் குழந்தைகளும்கூட அதை அரைவேக்காட்டில் சாப்பிடலாம் என்று 2017-இல் அங்குள்ள உணவுத் தர முகமை அறிவித்தது. மற்ற இடங்களில் முழுசாக வேகட்டும்.

நம்பிக்கை: வண்டியில்தான் ஃபிரிட்ஜ் இருக்கிறதே!

இருக்கிறது, குளிர்கிறதா? கேஸ், பேட்டரி, கரன்ட் மூன்றிலும் ஓடும் ரகம் வண்டி சாய்வாக நின்றால் சரியாகக் குளிராது. கடும் வெயிலிலும் திணறும். ஒரு சிறிய தெர்மாமீட்டரை உள்ளே போட்டு வையுங்கள், 5 டிகிரிக்குள் காட்ட வேண்டும். முட்டையைக் கதவில் வைக்காமல் உள்தட்டில் வையுங்கள்.

பத்து நாள் பயணத்துக்கு முதல் நாளே முப்பது முட்டையை ஏற்ற வேண்டியதில்லை. வழியெல்லாம் கடை இருக்கிறது, இரண்டு நாளைக்கு வேண்டியதை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.